கல் பட்டிருக்கும்

எங்கள் ஆட்களின் கல்யாணங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலுக்கு வந்து நின்றதும், பெண்ணின் சகோதரன் மூக்கு வைத்த கிண்டியில் தண்ணீர் வார்த்து அவர் காலைக் கழுவிவிடுவான். பதிலுக்கு மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போடுவார். சும்மா ஒரு சடங்குதான். கழுவ அந்தக் காலில் அழுக்கு எங்கே இருக்கப்போகிறது? பன்னீர் கலந்த தண்ணீர் விரல்களில் படும், எல்லாரும் சிரிப்பார்கள், முடிந்துபோகும். என் தங்கைக்கு நான் ஒருவன்தான் சகோதரன். ஆகவே அவள் மாப்பிள்ளையின் காலை நான்தான் கழுவினேன். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். இத்தனை வருஷம் கழித்தும் அதைச் சொல்ல வாய் கூசுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கண்டியில் மோட்டார் சைக்கிள் விற்கும் ஒரு கம்பனியில் வேலை பார்த்தேன். முன்னால் கண்ணாடி வைத்த கடை, பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. நான் முன்னால் நிற்பவன். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பழுதுபார்க்க வரும் வண்டிகளை வாங்கி வைப்பதும் திருப்பிக் கொடுப்பதும் என் பொறுப்பு. ஒரு ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியாது. ஆனால் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று நான் அளக்கும் கதையைக் கேட்டவர்கள், எஞ்சினைக் கண்டுபிடித்ததே இவன்தான் என்று நினைத்திருப்பார்கள். அவ்வளவு வாய் எனக்கு.

பட்டறையில் கவனிப்பெல்லாம் தோட்டத்துத் துரைமாரின் வண்டிகளுக்குத்தான். நம்மவர்களின் வண்டி மூலையில் கிடக்கும். கடைசி நேரத்தில் மெக்கானிக் பாஸ்மார் அள்ளிப் பூட்டி வெளியே தள்ளுவார்கள். ஏதாவது ஒன்று இறுகாமல் இருக்கும், இல்லாவிட்டால் பெட்ரோல் தாங்கியில் புதிதாக ஒரு கீறல் இருக்கும். கீறல் விழுந்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்திக் கொடுப்பது என்னுடைய கெட்டித்தனம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஆள் கொதித்துக்கொண்டு திரும்பி வந்தால், அதற்கும் மேனேஜர் துரை எங்களுக்கு ஒரு பதில் சொல்லித் தந்திருந்தார். எங்களிடமிருந்து போகும்போது நன்றாகத்தான் போனது, வழியில் கல் பட்டிருக்கும். அவ்வளவுதான். மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் ஒருவர், கால் வைக்கும் கட்டை ஓட்டத்திலேயே கழன்று விழுந்து, முழங்கால் கிழிந்து வந்தார். அவருக்கும் அதையே சொன்னேன். மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. வெட்கங்கெட்ட ஜென்மம். நாளடைவில் அந்தப் பதில் யோசிக்காமலே வாயில் வர ஆரம்பித்தது.

தங்கைக்குப் பேசி முடித்த மாப்பிள்ளைக்குக் கடுகண்ணாவையில் இரும்புக் கடை. அதிகம் பேசாதவர். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார், பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் சைட்கார் பூட்டியது. கல்யாணத்துக்குக் கார் பிடித்து வருவதாக இருந்தார். நான் விடுவேனா? கார் எதற்கு, வண்டியை எங்கள் கம்பனியில் விடுங்கள், புதிது போல ஆக்கித் தருகிறேன், உங்கள் மாமாவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு துரை மாதிரி வந்து இறங்குங்கள் என்று பெரிதாகச் சொன்னேன். மச்சான் சொல்கிறானே என்று அவரும் கொண்டுவந்து விட்டார்.

அதையும் மூலையில்தான் போட்டார்கள். கல்யாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை எஞ்சின் எண்ணெயை மாற்றி, அவசரமாகப் பூட்டினார்கள். நான் ஜும்ஆவுக்குப் போகிற அவசரத்தில் எதையும் கேட்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. தாங்கியில் விழுந்திருந்த கீறலை மட்டும் பார்த்தேன். பார்த்துவிட்டு, என் தங்கையைக் கட்டப்போகிறவருக்கும் அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பித்தான் நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் மச்சான் என்றேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று அஸர் தொழுகை முடிந்து நிக்காஹ். நிக்காஹ் நடத்தும் லெப்பை வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வந்து சேர்ந்து, பாயில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையை மட்டும் காணோம். நேரம் போகப் போகப் பெண்கள் பக்கத்தில் குசுகுசுப்பு எழுந்தது. மாப்பிள்ளைக்கு மனம் மாறிவிட்டதோ என்று யாரோ கேட்டது திரைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. வாப்பா தெருவுக்கும் வாசலுக்கும் நடந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே தங்கை ஜோடித்து உட்கார வைத்தபடியே இருந்தாள்.

கடைசியில் அவர்கள் வாழைக்குலை ஏற்றிய மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள். பேராதனைக்கு இந்தப் பக்கம் எஞ்சினின் எண்ணெயெல்லாம் ஒழுகிப்போய், எஞ்சின் இறுகி நின்றுவிட்டதாம். கல்யாண உடுப்பு மூட்டையை மாமா மடியில் வைத்திருந்ததால் அது மட்டும் தப்பியது. வழியில் ஒரு கடையின் பின்புறத்தில் உடுப்பு மாற்றியிருக்கிறார். மேலே பளிச்சென்று வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை. கீழே கணுக்கால் வரைக்கும் கறுப்பு எண்ணெய். ஒரு கணுக்காலில் சூடான குழாய் பட்டுத் தோல் உரிந்திருந்தது. விரித்திருந்த வெள்ளைத் துணியில் அவர் வைத்த அடியெல்லாம் கறுப்பாகப் பதிந்தது.

நான் தட்டை வைத்துக் குந்தினேன். பன்னீர் வார்த்தேன். பன்னீருக்கு அந்த எண்ணெய் போகுமா? உள்ளேயிருந்து சவர்க்காரம் வந்தது. சபை முழுக்கப் பார்த்திருக்க, நகத்திடுக்கு வரைக்கும் தேய்த்தேன். தோல் உரிந்த இடத்தில் சவர்க்காரம் பட்டபோது அவர் காலை இழுக்கவில்லை, பெருவிரலை மட்டும் மடக்கிக்கொண்டார். அப்போதுதான் அவருடைய மாமா, அவமானமும் களைப்புமாக, என் தலைக்கு மேலே சத்தம் போட்டார்.

"அடியில எண்ணெ மூடிய இறுக்காம குடுத்தீக்கிறான். எந்தக் கம்பனி இது?"

பேசாமல் இருந்திருக்கலாம். எங்கள் கம்பனிதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த நாசமாய்ப்போன நாக்கு இருக்கிறதே, அது தன்பாட்டில் பேசிவிட்டது.

"எங்கள்ட்டீந்து போகக்குள்ள நல்லாத்தான் போன. வழியில கல்லு பட்டீக்கும்."

அவருடைய கால் என் கைக்குள் இருக்கும்போது சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்குக் கேட்டது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. மாமா விடவில்லை. தானும் வண்டியில்தானே இருந்தேன், தனக்குத் தெரியாத கல்லா என்று கேட்டுக்கொண்டு முன்னால் வந்தார். வாப்பா என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் ஒரு சண்டை கிளம்பினால் நிக்காஹ் என்னவாகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார், "கல்லுதான் மாமா. நான்தான் பாக்காம ஏத்தின. நீங்க நல்ல தூக்கம்."

சபை கொல்லென்று சிரித்தது. தூங்கியதாகச் சொன்னதும் மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு வருகிற அவசரத்தில் கண் தெரியாமல் போய்விட்டது என்று ஆளுக்கு ஆள் மாப்பிள்ளையைக் கேலி செய்தார்கள். அவர் என் விரலில் மோதிரத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனார். நிக்காஹ் நடந்தது.

மறுநாள் வண்டியை எங்கள் வீட்டு வளவில் கொண்டுவந்து போட்டார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குனிந்து அடியில் பார்த்தேன். மூடி கழன்று விழுந்த ஓட்டை வட்டமாக, பழுதே இல்லாமல் இருந்தது. சுற்றிலும் கல் பட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லை. எழுந்தபோது மாப்பிள்ளை பின்னால் நின்றார். இரும்போடு புழங்குகிறவருக்கு இது தெரியாதா? மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே தங்கை நின்றாள். அவர் ஒரு சாக்கை எடுத்து வண்டியை மூடினார்.

"தேத்தண்ணி ஆறுது மச்சான். வாங்க."

பிறகு எத்தனையோ தடவை தனியாக இருந்தோம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கம்பனியிலும் அதே இடத்தில் நின்று, அதே பதிலைத்தான் மேலும் சில வருஷம் சொன்னேன். வயிற்றுப்பாடு என்று சாக்குச் சொல்லலாம். பொய். கோட்டும் தொப்பியும் போடும் வேலையை விட மனம் வரவில்லை.

தங்கை அந்தக் கல்லை முழுக்க நம்பினாள். அவளைப் பொறுத்தவரை நான் பொய் சொல்லமாட்டேன். நானா என்று அவள் கூப்பிடும் அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பழுதுபார்த்து வைத்திருந்த அந்த வண்டியை அவர் எடுக்கும் ஒவ்வொரு தடவையும், கல்யாணத்துக்கு வரும்போதே கல்லில் ஏற்றிய மனிதர் என்று வாசலில் நின்று பகிடி பண்ணுவாள். பிள்ளைகளும் வாப்பாவுக்கு ஓட்டத் தெரியாது என்று அதைப் படித்துக்கொண்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு நிற்பார். ஒரு தடவையாவது என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு பெருநாளன்று நான் கடுகண்ணாவைக்குப் போயிருந்தபோது அவர் வெளியே கிளம்பினார். தங்கை என் கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"நானா, நீங்களாவது சொல்லுங்க. நான் சொன்னா இவங்க கேக்கிறல்ல."

"ரோட்டப் பாத்துப் போங்க மச்சான்" என்றேன்.

"சரி மச்சான்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.