அரக்கு இல்லாத கடற்குதிரை

அரிமளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார் கிணறு வெட்டும் சின்னையா. "அரக்கு மீனாட்சியக்கா போயிட்டாங்கய்யா" என்று சொல்லிவிட்டு என் வாசற்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழ அவருக்கு உரிமை உண்டு. அது ஏன் என்று அக்காவை அறிந்த உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பழைய விவகாரத்தில் நான் அடித்த கூத்தை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

அக்கா பொற்கொல்லர் வீட்டுப் பெண். மெல்லிய தகட்டு நகைகள் நசுங்காமலிருக்க உள்ளே அரக்கை உருக்கி அடைப்பது அவர் வேலை. "வெளியில மினுக்குறது எல்லாருக்கும் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்" என்பார். கொஞ்சம் கர்வம்தான்.

எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். அப்போது நான் எங்கள் ஊர் அம்மன் கோவிலில் எழுத்தர். அம்மனின் மகரக் குழைகளில், அதாவது மீன் வால் வைத்த காதணிகளில், ஒன்று காணாமல் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, கிணற்று மண்ணில் கிடைத்ததென்று சின்னையா ஒற்றைத் தங்கக் காதணியைக் கொண்டுவந்து காட்டினார். சுருண்ட மீன் வால் தெரிந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. "அம்மனுடைய மகரம்தான்" என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். சின்னையாவைத் திருடன் என்று உள்ளே வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அக்கா குமுட்டி அடுப்போடு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். கோவிலில் மிஞ்சியிருந்த குழையையும் வரவழைத்தார். இன்ஸ்பெக்டர் முன்னால் இரண்டையும் இடுக்கியில் பிடித்து மெல்லச் சூடு காட்டினார். அம்மனின் குழையிலிருந்து அரக்கு கசிந்தது. அறையெல்லாம் அதன் வாசம். மற்றதிலிருந்து உலர்ந்த மண்தான் கொட்டியது.

"இது நம்ம பக்கத்து வேலையே இல்லீங்க" என்றார் அக்கா.

நான் விடவில்லை. "திருடியவன் அரக்கைச் சுரண்டி எடுத்திருக்கலாமே?"

"சுரண்டுனா தகடு நசுங்கியிருக்காதா, எழுத்தரய்யா? அது கெடக்கட்டும். மகரத்துக்கு ஏதுய்யா குளம்பு? மொதல்ல கண்ணால பாருங்க."

பார்த்தேன். குதிரைத் தலை, முன்னங்கால் இரண்டு, இடுப்புக்குக் கீழே மீன். மகரத்துக்கு இருக்கவேண்டிய தும்பிக்கை எங்கும் இல்லை. இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். சின்னையா வெளியே வந்தபோது கோவில் மேளமே வந்து நின்றது. தெரு முழுக்க ஊர்வலம். முன்னால் நடந்தவர் மீனாட்சியக்கா!

பிற்பாடு அருங்காட்சியகத்தார் அதை ரோமாபுரி நகை என்றார்கள். ரோமர் கதைகளில் கடல் தெய்வத்தின் தேரை இழுக்கும் குதிரையாம். கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்த அக்கா, "அந்த ஊரு ஆசாரிக்கும் நல்ல கை. அரக்கில்லாமயே எம்புட்டுக் காலம் நின்னுருக்கு!" என்று பூரித்துப் போனார்.

ஸ்டேஷனில் அன்று இன்ஸ்பெக்டர் என் புகாரை ரத்துசெய்யப் போனபோது அக்கா தடுத்தார். "அவுக எழுதுனத அவுகளே தப்புன்னு எழுதட்டும்." ஊரே பார்த்திருக்க, சின்னையாவின் முன்னால் நின்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று கூசிய கூச்சம் கொஞ்சமல்ல. ஆனால் என் உத்தியோகத்தில் நான் எழுதியவற்றில் பெருமையோடு நினைப்பது அந்த ஒரு தாளைத்தான். அது அக்கா எனக்குக் கொடுத்தது.