எதிர்நாற்காலி

என் அண்ணி தத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர். அண்ணனுக்கு அது வாழ்நாள் முழுக்கப் போதுமான நகைச்சுவை. கரண்ட் போனால், "இருட்டுன்னா என்னன்னு உங்க அண்ணிகிட்ட கேளு, விடியற வரைக்கும் சொல்லுவா" என்பான். அண்ணியும் சிரித்துவைப்பார். பட்டத்தை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டு, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் ஊரார் பிறந்த தேதிகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அதிலேயே இருந்திருக்கலாம். நான்தான் வேலை இருக்கிறது என்று இழுத்து வந்தேன்.

டயர் கடைக்கு மேல் மாடியில், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்றில் நான் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் நூத்துக்கு நூறு. வெளியே மாட்டியிருக்கும் பலகையிலும் அதுதான், அவர் வாயிலும் அதுதான். தேர்வில் சிந்தனைத் திறனுக்கு ஒரு தாளும், அதில் தேறியவர்களுக்கு நேர்காணலும் சேர்த்தபோது மனிதர் ஆடிப்போனார்.

"தத்துவம் தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருக்காங்களாம்மா? ரொம்பத் தெரிஞ்சிருக்க வேணாம்" என்றார். அண்ணியைச் சொன்னேன். ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. அண்ணி சம்மதித்தது பாதி அதற்காக. அவர் மகளை நாங்கள் வாயாடி என்போம். வாயாடிக்குச் சின்ன வயதிலிருந்தே சட்டம் படிக்க வேண்டும். போய்ப் படிக்கும் தூரத்தில் இருப்பது ஒரே பல்கலைக்கழகம். அதில் ஓர் இடம் கிடைக்குமா என்றுதான் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அண்ணி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பழைய விடைத்தாள் கட்டுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, அறை நடுவே இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டார். ஒரு பையன் உட்கார்ந்து, "பொய் சொல்றது எப்பவுமே தப்பு" என்றான்.

"சரி, இப்ப எழுந்து அந்தப் பக்கம் உக்காரு. நீ சொன்னதை நீயே உடை."

பையன் எதிர்நாற்காலியில் உட்கார்ந்து விழித்தான். அப்புறம் மெதுவாக, "என் தாத்தாவுக்கு என்ன வியாதின்னு நாங்க அவர்கிட்ட சொல்லல மிஸ்" என்றான். கதவோரம் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சொன்னது எதுவானாலும் இடம் மாறி உட்கார்ந்து அதை எதிர்க்காமல் வகுப்பு முடியாது. அதுதான் அண்ணியின் ஒரே சட்டம். வேதியியல் வாத்தியார் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், மியூசிக்கல் சேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஆள் அணு எடையைப் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்ய வைக்கிறவர்.

வாயாடிக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. மொபைலை வை என்று அண்ணி அதட்டினால், வைக்க மாட்டேன் என்று ஒரு பக்கம் பேசுவாள். அப்புறம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி வந்து உட்கார்ந்து, ஏன் வைக்க வேண்டும் என்று அவள் அம்மாவைவிட நன்றாகப் பேசுவாள். பேசி முடித்து மொபைலை வைத்தும் விடுவாள்.

தேர்வில் தேறினாள். நேர்காணலுக்குப் போய் முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்தாள்.

"இந்த இடத்தை உனக்கு ஏன் குடுக்கணும்னு கேட்டாங்க அத்தை. நல்லாச் சொன்னேன். பக்கத்துல ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு. அதுல மாறி உக்காந்து, ஏன் குடுக்கக் கூடாதுன்னும் சொன்னேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வெளியே காத்திருக்கிற பொண்ணுக்கு என்னைவிட மார்க் அதிகம்னு சொன்னேன். மூணு பேரும் எழுதிக்கிட்டாங்க."

அண்ணி கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். எழுதிக்கொண்டார்களாம். எழுதாமல் என்ன செய்வார்கள்? அவர்கள் வேலையை அவளே முடித்துக் கொடுத்துவிட்டாளே.

அந்த இடம் வெளியே காத்திருந்த பெண்ணுக்குப் போனது. வாழ்க்கை முழுக்கச் சிந்தனையைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்கும் மூன்று பேர், கண் முன்னே ஒரு பெண் சிந்தித்ததைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அண்ணன் சிரிக்கவில்லை. "உன் தத்துவம் என் பொண்ணு தலையில மண்ணள்ளிப் போட்டுடுச்சு" என்றான்.

நூத்துக்கு நூறு அண்ணியை என் மேசைக்கு முன்னாலேயே நிற்கவைத்துப் பேசினார். "விஷயம் வெளியே போனா கடையை மூட வேண்டியதுதான். இனிமே கேள்வி பதில் அடிச்சுத் தர்றேன், அப்படியே சொல்லி எழுதவைங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பாக்கறேன்."

வாயாடி மறு வருடமும் எழுத வேண்டும். மையத்தை விட்டால் அவளுக்குப் பயிற்சி இல்லை, அண்ணன் இனி ஒரு பைசா செலவழிக்க மாட்டான். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார்.

புது வகுப்பின் முதல் நாள். கதவு திறந்துதான் இருந்தது. அண்ணி தாளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த இடத்தை உங்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? விடை. நான் கடின உழைப்பாளி. என்னிடம் தலைமைப் பண்பு உள்ளது."

பேனாக்கள் ஓடின. வாயாடி மட்டும் எழுந்து நின்றாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"மிஸ், இன்னொரு நாற்காலி எங்கே?"

அண்ணி நிமிரவில்லை. "இப்ப ஒண்ணுதான். உக்காந்து எழுதிக்கோ."

வீட்டில் வாயே ஓயாத பெண், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து எழுதினாள்.

அந்த நாற்காலி என் மேசைக்கு முன்னால் இருந்தது. பெற்றோர் உட்காரட்டும் என்று நூத்துக்கு நூறு காலையிலேயே தூக்கிப் போட்டிருந்தார். அதில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனார் என்னிடம் குனிந்து, "இங்க தத்துவமும் சொல்லித் தர்றீங்களாமே?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றேன். "இப்ப நல்லாச் சொல்லித் தர்றோம்."