ஆபரேஷன் அன்று தின்ற இட்லி

என் இருதயத்தில் ஓட்டை இருப்பதாகக் கண்டுபிடித்தபோது நான் மூன்றாம் வகுப்பு. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பள்ளிக்கூடத்தில் வேறு யாருக்கும் ஓட்டை இல்லையே. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டுப் பிழைத்த குடும்பத்துக்கு ஆபரேஷன் செய்ய வக்கேது? வெளியூர் டாக்டர்கள் வந்து இலவசமாகச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

எங்கள் சித்தப்பாவுக்குத் தெரியாத ஆள் கிடையாது. கட்சிக்காரர் ஒருவரைப் பிடித்து என் முறையை முன்னால் நகர்த்திவிட்டார். டாக்டர்கள் ஊருக்குத் திரும்புமுன் மிச்சமிருந்த கடைசி ஆபரேஷன் எனக்கு என்றாயிற்று. அதனால் இடம் இழந்தவன் பக்கத்துக் கட்டிலில் கிடந்தான். சாணார்பட்டிப் பையன், என்னைவிடச் சின்னவன். உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கும். நாலு எட்டு நடந்தால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவான். டாக்டர்கள் அடுத்த முறை வரும்வரை நான் தாங்குவேன், அவன் தாங்க மாட்டான் என்று நர்சுகள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது, அம்மா காதிலும் விழுந்தது. எனக்கென்ன, அவன் பிஸ்கட்டில் பங்கு கிடைத்தால் போதும்.

ஆபரேஷன் அன்று பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் நான் பசியில் அழுது ஊரைக் கூட்டினேன். அம்மா சித்தப்பாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு, இட்லிப் பொட்டலத்தோடு வந்து ஊட்டினாள். அவசர அவசரமாக ஊட்டியதில் பாதி என் பாவாடையில் சிந்தியது. அடடா, எனக்கு அந்த நஷ்டம்தான் பெரிதாய் இருந்தது.

என்னை அழைத்துப்போக வந்தவர்கள் பாவாடையில் சட்னியைப் பார்த்துவிட்டார்கள். வயிற்றில் ஆகாரம் இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கொதித்தார். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன் மதினி, ஒங்களுக்குக் கூறு இருக்கா? அம்புட்டுப் பேரு கால்ல விழுந்து வாங்குன இடம்."

"பிள்ள பசிக்குதுன்னு அழுதுச்சு, மனசு கேக்கல" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

பட்டிக்காட்டுப் பொம்பளைக்கு இவ்வளவுதான் புத்தி என்று வார்டே பேசியது. அம்மா என் பாவாடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பதில் பக்கத்துக் கட்டில் பையனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஊசிக்குத் தப்பினோம் என்று எனக்கு ஒரே குஷி.

அவன் பிழைத்தான். சிவந்த உதட்டோடு அவன் கஞ்சி குடித்ததைப் பார்த்து அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு ஆபரேஷன் அடுத்த தடவை, என் முறை வந்தபோது நடந்தது, நல்லபடியாகவே நடந்தது. இடைப்பட்ட மாதங்களில் நான் அசந்து தூங்கினால் போதும், அம்மா என் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். எனக்குக் கூச்சமாய் இருக்கும், தட்டிவிடுவேன்.

அன்று அவனைத் தள்ளிக்கொண்டு போகுமுன் நர்சு அவன் அம்மாவிடம், பிள்ளை ஏதாவது சாப்பிட்டானா என்று கேட்டாள். "இல்லம்மா, எதுவும் குடுக்கல. நேத்தே இந்த அக்கா குடுக்காதன்னு சொல்லிருச்சு" என்று அந்த அம்மா எங்கள் அம்மாவைக் காட்டினாள். நர்சு அம்மாவையே செத்த நேரம் பார்த்துவிட்டு, அவன் கட்டிலைத் தள்ளினாள். முறையே இல்லாத பிள்ளையை அம்மா எதற்குப் பட்டினி போடச் சொன்னாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.