ஸ்ரனிஸ்லஸ் சொன்ன உண்மை

ஸ்ரனிஸ்லஸ் வாயைத் திறந்தால் புளுகுதான் வரும் என்பது அந்த முல்லைத்தீவுக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாதா கோயிலில் கீபோட் வாசிக்கிற மனுசன். கொழும்பு வானொலியில் வாசித்தேன் என்பார், சினிமாக்காரர் கூப்பிட்டும் போகவில்லை என்பார். சனம் சிரித்துவிட்டுப் போகும். யாருக்கும் கெடுதலில்லாத புளுகு.

ஒன்றைத் தவிர. ஏழு வருடத்துக்கு முன்னர் அவரும், அவருடைய இசைக்குழுவில் பாடிய அன்ரனும் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனார்கள். போட் கவிழ்ந்தது. ஸ்ரனிஸ்லஸ் மட்டும் கரை சேர்ந்தார். அன்ரனை ஓர் இந்திய இழுவைப் படகு, றோலர், ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டதாக அன்ரனின் மனைவி புனிதத்திடம் சொன்னார். அப்படிப் போய், அங்கே சிறையில் கிடந்து திரும்பியவர்கள் இந்தக் கரையில் உண்டு. அதனால் எல்லோரும் நம்பினார்கள். புனிதம் அன்று தொடங்கி இந்தியத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதுகிறாள். கார்த்திகையில் ஆன்மாக்கள் பூசைக்குச் செத்தவர்களின் பெயர்களை வீடுவீடாக எழுதிக் கொடுப்பார்கள். அவள் தாய் தகப்பனின் பெயரோடு நிறுத்திவிடுவாள். உயிரோடிருக்கிறவனுக்கு யார் பூசை கேட்பார்கள்?

நடந்தது வேறு. கடலில் மிதந்தது ஒரேயொரு வெற்று மண்ணெண்ணெய்க் கான். பிடிக்க வந்த அன்ரனின் கையை ஸ்ரனிஸ்லஸ் உதைத்துத் தள்ளினார். மேடையில் கைதட்டலெல்லாம் அன்ரனுக்கே விழுகிறதென்ற எரிச்சலும் அந்த உதையில் இருந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

வவுனியாவிலிருந்து பாட்டுக்காரரைப் பற்றி நாவல் எழுத வந்த தர்மிளாவிடமும் முதல் இரண்டு நாள் றோலர் கதையைத்தான் அளந்தார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் பெயர்களை மாற்றி, ஒரு புளுகன் சொல்லும் கதையாக எழுதி, கடைசி அத்தியாயத்தில் அவனை உண்மை பேச வைத்தாள். போன மாதம் புத்தகம் வந்தது.

இந்த வருடமாவது அன்ரனின் ஆன்மாவுக்கு ஒரு பூசை கிடைக்கட்டும் என்று ஸ்ரனிஸ்லஸ் மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனார். புனிதம் முற்றத்தில் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தாள். நின்றபடியே, கானையும் உதையையும் ஒன்றும் விடாமல் சொன்னார்.

அவள் கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"மகள் நிதர்சனா அந்த நாவலை எனக்கு வாசிச்சுக் காட்டினவள் அண்ணை. கடைசியில அப்பிடியே இதுதான் கிடக்கு. அதைப் படிச்சுப்போட்டு வந்து எனக்கே புளுகு விடுறியளோ?"

"இல்லைத் தங்கச்சி, நான்தான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னனான்."

"ஓம், ஓம். நாவலிலயும் உங்களைப் போட்டிட்டினமாக்கும்."

"மாதா அறிய உண்மை."

"மாதாவை ஏன் இழுக்கிறியள்? புளுகினாலும் அளவாப் புளுகுங்கோ." அவள் குரல் தணிந்தது. "அவரைக் கைவிடுற ஆளே நீங்கள்? எனக்குத் தெரியாதே?"

ஸ்ரனிஸ்லஸுக்கு அழுகை வந்தது. தன் புருசனை நினைத்துத்தான் அழுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கையைக் கழுவி, உள்ளே போய், வந்திருந்த கடிதத்தோடு வந்து பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"தூதரகத்தால, றோலர் என்ன நிறமெண்டு கேட்டிருக்கினம். கண்டது நீங்கள் ஒராள்தானே. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை."

அவள் பேனையோடு காத்திருந்தாள்.

"பச்சை," என்றார் ஸ்ரனிஸ்லஸ்.