நாலு மெயிலில் ஒரு கிளி

மத்தாப்புப் பெட்டிக்கான பச்சைக்கிளிப் படத்தை மதுரை வியாபாரிக்கு அனுப்பப் பார்த்தேன். சிவகாசியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அந்த மெயில் மட்டும் போகவே இல்லை. இன்டர்நெட் வரும் போன் லைனை மூன்று முறை கழற்றி மாட்டினேன். படமில்லாமல் ஒன்று அனுப்பினால் உடனே போனது. அப்படியானால் படம்தான் கனம். எவ்வளவு கனம்வரை தாங்கும் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

படத்தைச் சிறிதாக்க அப்பா விடவில்லை. அவருடைய அச்சகத்தில் ஒரு தடவைக்கு ஒரு கலர்தான் ஓடும்; நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் முழுப் படம். "அதே மாதிரி ஒவ்வொரு கலரா அனுப்புலே" என்றார். மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு என்று பிரித்தேன். நான்கு மெயிலும் போய்ச் சேர்ந்தன. எங்கள் மூளையை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

மறுநாள் வியாபாரி போன் செய்தார்.

"நாலு மாடலும் பார்த்தேன். மஞ்சக்கிளிதான் எடுப்பா இருக்கு. அதையே அடிச்சிருங்க."