அம்பு ஸ்டிக்கருக்குக் கீழே எரிந்த விளக்கு

திருப்பூருக்கு வேலையாகப் போகிறேன், ஒரு நாள் மிச்சமிருக்கிறது, பக்கத்தில் எங்கே போகலாம் என்று இந்த வலைப்பூவின் வாசகர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். அரை நாள் இருந்தால் திருமுருகன்பூண்டி சிற்பக்கூடங்கள், முழு நாள் இருந்தால் உடுமலைப்பேட்டை வழியாகத் திருமூர்த்தி மலை என்று பதில் எழுதியிருந்தேன். எழுதிவிட்டேனே தவிர, அந்த இரண்டாவது பாதையில் நான் போய்ப் பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. பழைய தகவலை நம்பி ஆட்களை அனுப்புவது சரியில்லை என்று தோன்றியதால், ஜூன் கடைசி வாரத்தில் ஒரு வியாழக்கிழமை நானே கிளம்பினேன். இந்தக் கட்டுரையில் மலையைப் பற்றிக் குறைவாகவும் ஒரு காரின் டேஷ்போர்டைப் பற்றி அதிகமாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை ஏற்பாடு செய்தவர் விடுதிக்காரர். கிலோமீட்டருக்குப் பதினான்கு ரூபாய், டிரைவர் பேட்டா நானூறு. பதினோரு வருடப் பழைய டீசல் கார். ஓட்டுபவரும் உரிமையாளரும் ஒருவரே: துரைசாமி, வயது நாற்பத்தேழு, முதலிபாளையத்துக்காரர். பதினெட்டு வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டிய டெய்லர். மூன்று வருடத்துக்கு முன் இந்தக் காரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். "மறுக்கா கம்பெனிக்குள்ள போய்ப் பெடலை மிதிக்கக் கூடாதுங்க சார். அந்த வைராக்கியத்துலதான் இதை ஓட்டிட்டு இருக்கறனுங்க" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டினார்.

காலையிலேயே போனில் ஒரு அனுமதி கேட்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மணி ஒருவர் உடுமலை போக வேண்டும், கூட ஏற்றிக்கொள்ளலாமா என்று. எனக்கென்ன, பேச்சுத்துணை. அப்படி வந்தவர் ஜெபராணி. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாக முதலிபாளையத்தில் இருப்பவர், துரைசாமி வேலை பார்த்த அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் ஆடைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி டெய்லருக்கு ஆல்டருக்காக, அதாவது பிரித்துச் சரியாகத் தைக்க, திருப்பி அனுப்பும் வேலை. அந்த ஸ்டிக்கருக்கு அங்கே ஏரோ என்று பெயர்.

அவர் மகளுக்கு உடுமலைக்கு அப்பால் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மகள் இரண்டு நாளாகச் சித்தி வீட்டில் தங்கி மற்ற வேலைகளை முடித்துவிட்டாள். மாற்றுச் சான்றிதழ் மட்டும் ஊர்ப் பள்ளியிலிருந்து முந்தின நாள் மாலைதான் வந்து சேர்ந்தது. அதை அன்று பகல் பன்னிரண்டரைக்குள் கல்லூரி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஜெபராணி அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார். முன்சீட்டில் இருந்தவர் என்னைப் பார்த்ததும், "நான் பின்னாடி போயிருதேன் சார்" என்று இறங்கப் போனார். வேண்டாம் என்றேன். பின்சீட்டில் நோட்டை விரித்து வைத்து எழுதுவது என் பழக்கம்.

பழைய பஸ் நிலையத்தருகில் கிளம்பும்போது மணி 10.10. டிரிப் மீட்டரைச் சுழியமாக்கச் சொன்னேன். துரைசாமி குனிந்து பொத்தானை அழுத்தியபோது ஸ்பீடாமீட்டருக்கு இடப்பக்கம் சிவப்பு அம்பு ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். "டேஷ்போர்டில் சிவப்பு அம்பு" என்று நோட்டில் எழுதினேன். ஏன் என்று கேட்கவில்லை. பத்திரிகை வேலையில் முப்பத்தொரு வருடம் அடுத்தவரைக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன், அன்று அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

பல்லடம் பதினாறாவது கிலோமீட்டர், 10.45. திருப்பூர் நெரிசலில் இந்தப் பதினாறுக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பல்லடத்தைத் தாண்டினால் பாதை சுத்தம். கோழிப்பண்ணைகள் போய், தென்னந்தோப்புகள் வர ஆரம்பிக்கும். ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முழு வேகத்தில் இருக்கும் காலம். காற்றாலைகள் ஒன்றுகூடச் சும்மா நிற்கவில்லை.

முன்சீட்டில் பழைய கம்பெனிக் கதை ஓடிக்கொண்டிருந்தது.

"இவரு தைச்ச பீஸ்ல நான் எத்தனை ஏரோ ஒட்டிருக்கேன்னு கேளுங்க சார்."

"அம்மணி ஊட்டுக்காரர் கிட்ட கோவிச்சுட்டு வர்ற அன்னைக்கெல்லாம் என்ற பீஸ்லதானுங்க ஏரோ. நல்ல தையலுக்கும் ஒண்ணு ஒட்டீருவாங்க."

"நல்ல தையலா? ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அதைப் போடுததுக்கு வெளிநாட்டுல ஆளு பிறந்துதான் வரணும்."

குடிமங்கலம் நால்ரோட்டைத் தாண்டும்போது 11.31. ஐந்து கிலோமீட்டர் போயிருப்போம். இன்ஜினிலிருந்து டக் டக்கென்று ஒரு சத்தம் வருவது போலிருந்தது. காற்றின் இரைச்சலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெபராணி பேச்சை நிறுத்திவிட்டு டேஷ்போர்டைப் பார்த்தார்.

"எண்ணே, இது என்னத்தக் காட்டுது?"

"எதுங்க?"

"இந்த ஏரோ."

துரைசாமி சிரித்தார். "அது ஒண்ணையும் காட்டலீங்க. இன்ஜின் லைட்டு, மஞ்சக்கலர்ல பொங்கல்ல இருந்து எரிஞ்சுட்டே இருக்குது. மெக்கானிக் ரெண்டு தடவை அணைச்சுக் குடுத்தாரு, மறுக்கா வந்துருச்சு. ஏறுற கஸ்டமர் எல்லாம் லைட்டு எரியுதே லைட்டு எரியுதேன்னு கேக்கறாங்க. அன்னைக்கு உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப உங்க சேலையில இருந்து சீட்டுல ஒட்டிக் கெடந்துதுங்க இது. எடுத்து அது மேல ஒட்டிட்டேன்."

"ஏரோ ஒட்டுதது குறையைக் காட்டுததுக்கு. நீங்க மூடுததுக்கு ஒட்டிருக்கீங்க" என்றபடி ஜெபராணி கையை நீட்டினார். சாதாரணமாக, வேலையில் செய்வது போல, நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பி உரித்துத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டார்.

கீழே இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்று துரைசாமி சொன்ன மஞ்சள் இன்ஜின் விளக்கு. அதை ஒட்டினாற்போல் இன்னொன்று, எண்ணெய்க்குப்பியின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுவது போன்ற படம். சிவப்பு.

இன்ஜின் ஆயிலின் அழுத்தம் போய்விட்டது என்பதற்கான விளக்கு அது. எப்போதிலிருந்து எரிகிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. பழைய வண்டி, புதியவை போல் எச்சரிக்கை ஒலி எழுப்பாது.

துரைசாமியின் முகம் மாறிவிட்டது. ஆனாலும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. "பதினஞ்சு கிலோமீட்டர்தானுங்க உடுமலை. மெதுவா உருட்டீரலாம். அம்மணியை எறக்கி உட்டுட்டு மெக்கானிக் கிட்டப் போயிக்கலாமுங்க."

"நிறுத்துங்கண்ணே."

"மணி என்னாச்சு பாருங்க. பாப்பாளுக்குக் காலேஜு..."

"ஓவர்லாக்ல மேல கண்ணாடிக்குள்ள எண்ணெய் துள்ளலன்னா பெடலை மிதிப்பீங்களா?"

பனியன் கம்பெனியில் வேலை பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஓவர்லாக் மிஷினின் மேல் சிறிய கண்ணாடி ஒன்று உண்டு. மிஷின் ஓடும்போது உள்ளே எண்ணெய் தெறிப்பது அதில் தெரியும். தெறிக்காவிட்டால் எந்த டெய்லரும் ஒரு தையல்கூடப் போட மாட்டார். துரைசாமி பதினெட்டு வருடம் தினமும் காலையில் பார்த்த கண்ணாடி.

அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியை ஒரு தோப்பின் ஓரமாகச் சமதரையில் நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்தார். மணி 11.38. மீட்டரில் 51.

அடுத்த பதினான்கு நிமிடங்களும் ஜெபராணிக்கு வேறு வண்டி பிடிப்பதிலேயே கழிந்தன. இரண்டு பஸ்கள் கையைக் காட்டியும் நிற்காமல் போயின. மகள் போன் செய்தாள். "வந்துட்டே இருக்கேன், கவுண்டர் பக்கத்துலயே நில்லு" என்றார். காரைப் பற்றிச் சொல்லவில்லை. துரைசாமி சாலையின் நடுவரைக்கும் போய் நின்று கையை வீசினார். 11.52க்குத் தேங்காய் மட்டை ஏற்றிய ஒரு டெம்போ நின்றது. ஜெபராணி உறையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு முன்பக்கம் ஏறினார். "நேரமானா நம்ம மேல பழி போட்டுருங்கம்மணி" என்றார் துரைசாமி. "அதை நீங்க சொல்லணுமாக்கும்" என்று பதில் வந்தது. டெம்போ போய்விட்டது.

பத்து நிமிடம் இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்துவிட்டு துரைசாமி பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்தார். துடைத்து, மறுபடி செருகி, மறுபடி எடுத்தார். நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு பொட்டு. குறைந்தபட்ச அளவுக்கான கோடு அதற்கு வெகு மேலே இருந்தது. குடிமங்கலத்து மெக்கானிக் ஒருவருக்குப் போன் செய்தோம். ஆயிலோடு வருகிறேன், அரை மணி நேரமாகும் என்றார்.

எச்சரிக்கை முக்கோணத்தைச் சாலையில் வைத்தோம். காற்று இரண்டு முறை தள்ளிவிட்டது. மூன்றாம் முறை துரைசாமி அதன் காலில் ஒரு கல்லை ஏற்றி வைத்தார். நான் முன்பக்கப் பெட்டியில் வண்டியின் கையேட்டைத் தேடி எடுத்தேன். முதல் சொந்தக்காரர் காலத்துப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. தென்னை நிழலில் உட்கார்ந்து நான் ஆங்கிலத்தில் படித்துச் சொல்ல, அவர் கேட்டார்.

கையேட்டின் சாரம் எளிமையானது. பச்சையும் நீலமும் தகவல். மஞ்சள், ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டு என்பது; இன்ஜின் விளக்கு சிமிட்டினால் மட்டும் வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை விரைவில் நிறுத்த வேண்டும். சிவப்பு, பத்திரமான இடம் பார்த்து இப்போதே நிறுத்து என்பது. வெப்பமானி சிவப்பானால் நிறுத்தி ஆறவிட வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட்பிரேக்கைப் பார்க்க வேண்டும், அது இறங்கியிருந்தும் எரிந்தால் ஓட்டக் கூடாது. பேட்டரி விளக்கு என்றால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். ஏசியை அணைத்துவிட்டுப் பக்கத்துப் பட்டறைவரை ஒருவேளை போகலாம். ஆயில் விளக்குக்கு மட்டும் அந்த "ஒருவேளை"யும் கிடையாது. ஆயில் இல்லாமல் ஓடும் இன்ஜின் சில நிமிடங்களிலேயே உள்ளே தேய்ந்து இறுகிவிடலாம்.

"சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்தின கட்டத்துக்குத் திருப்பினா எல்லா லைட்டும் எரியும், ஸ்டார்ட் ஆனா அணையும்னு போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம். எரியாவிட்டால் அந்த பல்பு போய்விட்டது என்று அர்த்தம்."

"அது தெரியுமுங்க. தெனமும் பார்த்துட்டுதான் இருந்தேன், இந்த ஏரோ ஒட்டுற வரைக்கும்." வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "மஞ்ச லைட்டைப் பார்த்துப் பார்த்து சலிச்சுப் போச்சுங்க சார். பக்கத்துல என்ன இருக்குதுன்னு நெனைக்கவே இல்லை."

மெக்கானிக் 12.34க்கு வந்தார். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஆயில் வடிக்கும் போல்ட்டின் வாஷர் போயிருக்கிறது, போன சர்வீஸில் பழையதையே மாட்டியிருக்கிறார்கள் என்றார். புது வாஷர் போட்டு, நான்கு லிட்டர் ஆயிலை ஊற்றினார். "இன்ஜினுக்கு ஏதாச்சும் ஆயிருக்குமுங்களா?" என்றார் துரைசாமி. "ஸ்டார்ட் பண்ணாத்தாங்க தெரியும். விளக்கு அணையலீன்னா உடனே நிறுத்தீருங்க."

துரைசாமி உள்ளே உட்கார்ந்து சாவியைப் பிடித்தார். திருப்பவில்லை. அப்போது அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"குடுத்தாச்சுண்ணே. பன்னெண்டு இருபத்தாறுக்கே. வண்டி என்னாச்சு?"

"இனிமேல்தானுங்க."

"சரி, போடுங்க. வச்சிராதீங்க, நானும் கேக்குதேன்."

போனை டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் அணைந்தது. டக் டக் சத்தம் இன்னும் சில நொடிகள் இருந்து, மெல்லத் தேய்ந்து, நின்றது. மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டுத் தலையசைத்தார். இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரைக் கேட்டேன். "தாங்கியிருந்தாலும் தாங்கியிருக்கும் சார். யாருக்குத் தெரியும்" என்றார். பயமுறுத்தாத அந்தப் பதிலை நான் நம்புகிறேன்.

உடுமலை 1.35. சாப்பாடு முடித்துத் திருமூர்த்தி அணை 3.10, உடுமலையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். ஜூன் வெளிச்சத்தில் மலையடிவாரம் அழகாக இருந்தது. அருவிக்குப் போவதாக இருந்தால் தண்ணீர் வரத்தை உடுமலையிலேயே விசாரித்துக்கொண்டு போங்கள். எங்களை அன்று விடவில்லை. திருப்பூரிலிருந்து எட்டு மணிக்காவது கிளம்புங்கள், பத்து மணி தாமதம். வாடகை வண்டியில் ஏறியதும், ஸ்டார்ட் செய்யும் முன் விளக்குகள் எரிவதையும் ஸ்டார்ட் ஆனதும் அணைவதையும் ஒரு முறை பாருங்கள். அணையாதது எதுவோ அதைப் பற்றிக் கேளுங்கள். டிரைவர் தவறாக நினைப்பார் என்று தயங்க வேண்டாம். நான் தயங்கக்கூட இல்லை, எழுதி வைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

திரும்பும்போது 5.20க்கு உடுமலை பஸ் நிலையத்தில் ஜெபராணியை ஏற்றிக்கொண்டோம். முன்சீட்டில் உட்கார்ந்ததும் டேஷ்போர்டைத்தான் பார்த்தார். சிவப்பு இல்லை. மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது. புறங்கையில் இன்னும் ஒட்டியிருந்த அம்பை உரித்து, விளக்கின் மேல் படாமல், அதற்கு அரை அங்குலம் தள்ளி, நுனி விளக்கைத் தொடுவது போல ஒட்டினார்.

"ஆல்டர் முடிஞ்சப்புறம்தான் ஏரோவ எடுக்கணும். முந்தி எடுத்தீங்கன்னா தெரியும் சேதி."

"இப்பவும் என்ற பீஸுதானா உங்களுக்குக் கெடைச்சுது" என்றார் துரைசாமி.

ஒன்பது நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. ஸ்பீடாமீட்டருக்கு இடப்பக்கம் விளக்கு எதுவும் எரியவில்லை. அம்பு இருந்த இடத்தில் அதன் வடிவத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது. கூடவே ஒரு குரல் செய்தி: "ஏதோ சென்சார் போயிருந்துதாமுங்க, மாத்தியாச்சுங்க சார். ஏரோவை நான் எடுக்கலீங்க. அம்மணியே வந்து பார்த்துட்டு எடுத்தாங்க."