லஸ் முனையில் நின்ற கரி பஸ்

பெட்ரோல் தட்டுப்பாட்டால் பட்டணத்து பஸ்கள் கரியில் ஓடத் தொடங்கியிருந்த யுத்த காலத்தில், மேற்கு மாம்பலத்திலிருந்து அடையாறுக்குப் போனேன். அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை வேலைக்குப் பத்து மணிக்கு இண்டர்வியூ. எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான்தான். அப்பா மரக்கடையில் சுமை தூக்குகிறவர், தோள் வீங்கிவிட்டது. அவர் சுமப்பதை நிறுத்த எனக்குத் தெரிந்த வழி அந்த வேலை ஒன்றே.

எட்டு மணிக்குப் புறப்பட்டு, ரயில் பாதையைக் கடந்து, தியாகராய நகரில் பஸ் ஏறி, ஆழ்வார்பேட்டை வழியாக லஸ் முனை. ஒன்பதுக்கு முன்பே அடையாறு பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன். மீதி மூன்று மைல்கூட இல்லை.

பஸ் கிளம்பவில்லை. டிராமில் வருகிறவர்கள் பஸ்ஸைத் தவறவிடுவதாகப் புகார் போய், டிராம் வரும்வரை பஸ் நிற்க வேண்டும் என்று அந்த வாரம்தான் உத்தரவாம். டிராம் வர அரை மணிக்கு மேலாயிற்று. டிரைவர் முடுக்கினார், எஞ்சின் இருமி அடங்கியது. நின்ற நேரத்தில், வண்டியின் பின்னால் இருந்த, எஞ்சினுக்கு வாயு தரும் கரி அடுப்பு அவிந்திருந்தது.

"இன்னா நைனா, அடுப்பு தூங்கிச்சா?" என்றார் கண்டக்டர்.

"நிக்க வச்சா தூங்காம இன்னா பண்ணும்? நீ வந்து சுத்து!" என்று டிரைவர் இறங்கி, அடுப்புக்குக் காற்றடிக்கும் கைப்பிடியைச் சுற்றினார்.

முன் இருக்கை மாமி, "எங்காத்து விசிறியக் கொண்டு வரட்டுமா? நாழியாயிண்டே இருக்கு!" என்றாள்.

"கொண்டா மாமி, அப்படியே ரெண்டு தோசையும் சுட்டுக்கலாம்" என்றார் கண்டக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது மணிக்கே இறங்கி நடந்திருந்தால் நேரத்துக்குப் போயிருக்கலாம். இதோ கிளம்பிவிடும் என்ற நினைப்பு இறங்கவிடவில்லை.

பெட்ரோல் இல்லை, அதற்குக் கரி. டிராமில் வருகிறவர்கள் பஸ்ஸைத் தவறவிடுகிறார்கள், அதற்குக் காத்திருப்பு. தனித்தனியே இரண்டும் நல்ல யோசனைதான். இரண்டும் ஒரே வண்டியில் ஏறினால் என்ன ஆகும் என்று பார்ப்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை.

அடுப்பு மறுபடி பிடித்து பஸ் கிளம்பப் பத்தேகால் தாண்டிவிட்டது. பள்ளிக்குள் நுழைந்தபோது பத்தே முக்கால். "இப்பத்தாம்மா வேற ஒருத்தர எடுத்தோம்" என்றார் தலைமையாசிரியை. குரலில் கோபம்கூட இல்லை.

திரும்பும்போதும் அதே பஸ், அதே கண்டக்டர். "கவலப்படாதம்மா. நாளையிலேர்ந்து லஸ்ல அடுப்பு ஊதறதுக்குன்னே தனி ஆளு போடறாங்கோ" என்றார்.

"அவர் எதில் வருவார்?" என்று கேட்டேன். அன்று நான் வாய் திறந்து கேட்ட ஒரே கேள்வி.

"டிராம்லதான்."

அடையாறில் குறித்த நேரத்துக்கு இருக்க வேண்டியவர்கள் லஸ்ஸில் இறங்கி, மந்தைவெளி வழியாக நடந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும். ஆற்றுப் பாலத்தில் நிழல் கிடையாது, குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடு சேர்ந்தபோது அப்பா என் முகத்தைப் பார்த்தார். மறுநாள் சுமைக்கான சும்மாட்டுத் துணியை அலசிக் கொடியில் போட்டார்.